யாரும் சிரிக்காத படம்

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். முப்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். நாங்கள் முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். நானும் என் தங்கையும் ஒரே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தோம். எந்த மில், யார் முதலாளி என்பதெல்லாம் வேண்டாம். அதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நானும் போவதற்குள் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அப்போது எழுத்து வாசனையே கிடையாது. இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் பகுதியில் இருந்த பெண்களில் யாருக்குத்தான் படிக்கத் தெரியும். ஆனால் சனிக்கிழமைப் பத்திரிகை கைக்கு வந்துவிட்டால் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதன் முதல் பக்கத்தில் ஒரு கேலிப்படம் வரும். இவன் இன்னான், அவன் இன்னான், இவனை இதற்காகக் குத்திக் காட்டியிருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். படம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு கர்வமே உண்டு.

அந்தப் படங்களைப் போட்டவரை ஊரில் படக்காரர் என்றுதான் சொல்வார்கள். கிறிஸ்தவர். சின்ன வயதில் மாதா கோயிலில் சுரூபங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர். திருநாளுக்குத் தேர் ஜோடிப்பது, கடைகளுக்குப் பிரெஞ்சிலும் தமிழிலும் பலகை எழுதுவது, இதுதான் அவர் பிழைப்பு. ஒரு தேர்தல் சமயத்தில் முடிவெட்டும் கடைச் சுவரில் அவர் கரியால் கிறுக்கிய ஒரு முகத்தைப் பார்க்க ஊரே கூடிவிட்டதாம். கடைக்காரர் பயந்துபோய்ச் சுண்ணாம்பு அடிப்பதற்குள் பத்திரிகை ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, சுவரை விட்டுத் தாளுக்கு வா என்று கூட்டிக்கொண்டு போனாராம்.

அதற்குப் பிறகு அவர் கை ஓயவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தேர்தலில் செத்தவர்களும் ஓட்டுப் போடுவார்கள். அவர் என்ன செய்தார், கல்லறைத் தோட்டத்து வாசலில் இருந்து ஓட்டுப் பெட்டி வரைக்கும் எலும்புக்கூடுகளை வரிசையாக நிற்க வைத்துவிட்டார். கடைசியில் உயிரோடு ஒருவன் வந்து நிற்கிறான். உயரத் தொப்பி போட்ட சிப்பாய் அவனைப் பிடித்து வெளியே தள்ளுகிறான். அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. ஒரு பெரிய மனிதரை அவருடைய குடையை வைத்தே அடையாளம் காட்டினார். அவர் வெட்கப்பட்டுக் குடையை மாற்றினார். அடுத்த வாரம் புதுக் குடை படத்தில் வந்தது.

படத்தை வரைந்து, அவரே மரக்கட்டையில் செதுக்கி அச்சுக்குக் கொடுப்பார். செதுக்குவதற்கு முன்னால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வரைந்த தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். படித்தவர்களிடம் காட்ட மாட்டார். கீழே எழுதியிருப்பதை மடித்து மறைத்துக்கொண்டு, ஆளை உட்கார வைத்துப் புஸ்புஸ் வண்டி தள்ளுகிறவர், மீன்காரி என்று எழுத்துத் தெரியாத யாரிடமாவது நீட்டி, இன்னா தெரியுது என்று கேட்பார். அவர்கள் சிரித்தால் படம் கட்டைக்குப் போகும். முழித்தால் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வேறு வரைவார். இதையெல்லாம் நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர அவரை நேரில் பார்த்தது கிடையாது.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாதவள். அதிகம் பேச மாட்டாள். வேலை செய்யும்போது ஏதாவது பாட்டை உள்ளுக்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பாள். மிஷின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. உதடு அசைவதை வைத்து எனக்கு மட்டும் தெரியும்.

மில்லில் பஞ்சுத் தூசு தலையில் இறங்காமல் இருக்க, நாங்கள் பழைய சேலைக் கிழிசலைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவோம். முடிச்சை நெற்றிக்கு மேலே போடுவோம். பின்னால் போட்டால் திரும்பும்போது எதிலாவது மாட்டிக்கொள்ளும். எங்களைத் தூரத்தில் பார்த்தாலே, மில்லுக்காரி முடிச்சு வருது என்று பொடியன்கள் கேலி பேசுவார்கள். அதனால் மில் வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாகத் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொள்வோம்.

எங்கள் பகுதியில் மேலேயிருந்து இறங்கிச் சுற்றும் தோல் பட்டை ஒன்று இருந்தது. அதற்குத் தகட்டு மூடி உண்டு. பழுது பார்க்கக் கழற்றியவர்கள் திருப்பி மாட்டவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார்கள். மூடியின் ஓரத்தில் கொக்கிகள் இருந்தன. எறும்பு ஏறாமல் இருக்கட்டும் என்று எங்கள் சோற்றுச் சட்டிகளை அதில் மாட்டிக்கொண்டோம்.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பட்டை என் தங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. நான் வரிசையின் அந்தக் கோடியில் இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். மிஷினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பிணத்தை எடுப்பதற்கு முன்பே பேச்சு கிளம்பிவிட்டது. கிளப்பியவர் எங்கள் மேஸ்திரி. "தலைய விரிச்சுப் போட்டுக்கினு கண்ணாடி பாத்துக்கினு நின்னா. பட்ட வந்து முடியப் புடிச்சுக்கிச்சு. மிஷினு இன்னா பண்ணும்?" என்று மில் வாசலிலேயே நின்று சொன்னார். சாயங்காலத்துக்குள் அதில் பூவும் பொட்டும் சேர்ந்துகொண்டன. யாரோ ஒரு ஃபிட்டர் பார்க்க வேண்டும் என்றுதான் அலங்காரம் செய்தாளாம். மூடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

கல்யாணம் ஆகாத பெண்ணின் மேல் இப்படி ஒரு சொல் விழுந்தால் அது அவளோடு எரியாது. பெற்றவள் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் தாய்மாமன், கருமாதிக்கு நாங்கள் வருவதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். தாய்மாமன் கோடித் துணியோடு வந்து நிற்காமல் எங்கள் குடும்பத்தில் கருமாதி நடந்ததே கிடையாது. என் அம்மா குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கூட வேலை செய்தவர்களுக்கு உண்மை தெரியும். வாய் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களே தவிர வெளியே பேசவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் பேசினேன். அக்காக்காரி வேற எப்படிச் சொல்லுவா என்று முகத்துக்கு நேரே சிரித்தார்கள். "ஊர் வாய மூட உலமூடி ஏதுடி? உடு" என்றாள் அம்மா. அவளால் விட முடிந்ததா என்றால் அதுவும் இல்லை.

தங்கையின் சாமான்களை வந்து வாங்கிப் போகும்படி மில்லிலிருந்து ஆள் வந்தது. போனேன். வாசல் காவல்காரர் ஒரு சின்ன மூட்டையைக் கொடுத்தார். அவளுடைய சோற்றுச் சட்டி, தலைத்துணி, அவ்வளவுதான்.

மில்லுக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கால்சட்டை போட்டிருந்தார். விரல்களில் மைக்கறை. கையில் ஒரு தாள்.

"ஏம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அதான் வேணும். இத்தப் பாரு. பாத்துட்டு இன்னா தெரியுதுன்னு சொல்லு."

கடைக்காரர் உள்ளேயிருந்து, "ஐயா, வேணாங்க, அந்தப் பொண்ணு..." என்று எழுந்தார். அதற்குள் தாள் என் கைக்கு வந்துவிட்டது.

அழகாக வரைந்திருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பெண் இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் சீப்பு. அவள் கூந்தல் நீளமாகப் பறந்துபோய் மிஷின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சக்கரத்துக்கும் ஒரு முகம். மீசை வைத்த முகம். அது அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறது.

ஒரு கோடு விடாமல் எனக்குப் புரிந்தது.

"இன்னா தெரியுது?" என்று மறுபடியும் கேட்டார். என் முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கக் காத்திருந்தார்.

"என் தங்கச்சி தெரியிறா" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய்விட்டது.

நான் அழவில்லை. அந்த மில் வாசலில் அழக் கூடாது என்று இருந்தேன். மூட்டையைப் பெஞ்சின் மேல் வைத்துப் பிரித்து, தலைத்துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பஞ்சு ஒட்டியிருந்தது. ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இது அவ தலையில இருந்தது. முடிச்சப் பாருங்க. அவுந்திருக்கா?"

குனிந்து பார்த்தார். தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்ப முடியப் புடிச்சுதுன்னாங்களே?"

"முந்தானையப் புடிச்சுது. தல போயி தூண்ல மோதிச்சு. இது அப்பிடியே கழண்டு வுழுந்துச்சு. கட்டினது கட்டினபடி இருக்குது."

"பட்டைக்கு மூடி கெடையாதா?"

"இருக்குது. கழட்டி செவுத்தோரம் சாச்சு வச்சிட்டாங்க. அதுலதான் நாங்க எல்லாம் சோத்துச் சட்டி மாட்டி வக்கிறோம்."

"எங்கிட்ட சொன்னது வேறம்மா" என்றார்.

"சொன்னவங்க எழுத்துத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க" என்றேன்.

கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை. அவளை வைத்து யாரும் சிரிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை மடித்துக் கட்டினேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டாத படத்தை அங்கேயே கிழித்துப் போடுகிறவர் என்றுதானே கேள்வி. கிழிக்கவில்லை என்றால் போடப் போகிறார் என்று அர்த்தம்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அதற்கு முந்தின நாள் பத்திரிகை வரும். ஊரே சிரித்து முடித்த பிறகு நாங்கள் அவளுக்குச் சோறு படைக்க வேண்டும். இதை நினைத்து நினைத்து எனக்குத் தண்ணீர் கூட இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். போகாதே என்றாள் அம்மா. பார்க்காமல் பயப்படுவதைவிடப் பார்த்துவிட்டு அழலாம் என்று எனக்குத் தோன்றியது. வாங்க முடியாதவர்கள் பார்க்கட்டும் என்று பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு சுவரில் பத்திரிகையை ஒட்டுவார்கள். மற்ற நாளாக இருந்தால் தெரு திரும்புவதற்கு முன்பே அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. இந்த வாரம் பத்திரிகை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது. தெரு திரும்பிப் பார்த்தால் சுவருக்கு முன்னால் கூட்டம் நிற்கிறது. எப்போதும் நிற்கிற கூட்டம்தான். பேச்சு இல்லாமல் நிற்கிறது.

என்னைத் தெரிந்த ஒரு வண்டிக்காரர், "வழி உடுங்கப்பா, அந்தப் பொண்ணு பாக்கட்டும்" என்றார்.

படத்தில் ஆள் யாரும் இல்லை. எங்கள் பகுதிதான். மேலேயிருந்து இறங்கும் பட்டை, மூடி இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. சுவரோரம் அந்த மூடி சாய்ந்திருக்கிறது. அதில் வரிசையாகச் சோற்றுச் சட்டிகள். தரையில் ஒரு தலைத்துணி கிடக்கிறது. பெரிதாக, பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி வரைந்திருந்தார். நெற்றிக்கு மேலே போடுகிற அந்த முடிச்சு, இறுக்கமாக, அவிழாமல். கீழே எப்போதும் எழுத்து இருக்கும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

எனக்குப் பின்னால் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"இது மில்லுக்காரி முடிச்சாச்சே."

"அவுறவே இல்லியே. அப்ப தலைய விரிச்சுப் போட்டான்னது?"

"மூடியப் பாரு. சட்டி மாட்டுற அளவுக்கு எத்தினி நாளாக் கழட்டி வச்சிருந்தானுங்களோ."

ஒரு மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "செத்த புள்ளையப் போயி பேசினோமே" என்றாள். ஒருவர் தலைப்பாகையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. அழுதது அங்கேதான்.

மறுநாள் என் தாய்மாமன் கோடித் துணியோடு தெருமுனையில் வந்து நின்றார். உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். அம்மாதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். பிறகு எங்கள் பகுதிப் பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மில் கிடையாது. ஆனாலும் எல்லோரும் தலையில் துணி கட்டி, நெற்றிக்கு மேலே முடிச்சுப் போட்டுக்கொண்டு, தெரு வழியாக நடந்தே வந்தார்கள். அன்றைக்கு எந்தப் பொடியனும் கேலி பேசவில்லை.

மில்லில் திங்கட்கிழமையே மூடியை எடுத்து மாட்டிவிட்டார்கள். நாங்கள் சோற்றுச் சட்டிக்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டோம். மேஸ்திரி அதே மேஸ்திரிதான். என் பக்கம் வரும்போது மட்டும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போவார்.

படக்காரருக்கு நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மில்லுக்கு வேண்டியவர்கள் சொல்லித்தான் ஆசிரியர் அந்த முதல் படத்தைக் கேட்டிருக்கிறார். அவரிடம் அதையே காட்டி, சரி என்று சொல்ல வைத்துவிட்டு, கட்டையில் வேறு படத்தைச் செதுக்கி நேராக அச்சுக்குக் கொடுத்திருக்கிறார் இவர். தாளைக் கிழிக்காமல் மடித்து வைத்துக்கொண்டது அதற்குத்தான். போலீஸ் கொமிசேர் கூப்பிட்டு, மில்லுக்குள் நடந்ததை உனக்கு யார் சொன்னது என்று துருவித் துருவிக் கேட்டாராம். காப்பி குடிக்கப் போன இடத்தில் ஒரு துணியைப் பார்த்தேன் என்பதற்கு மேல் இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலை அன்றைக்கே போயிருக்கும். முதலாளியைத் தர்மப்பிரபுவாக வைத்து ஒரு படம் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம் என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்தாராம். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில் ஒரு தைல விளம்பரம் வந்தது.

கேள்விப்பட்டதும் நான் அவரைத் தேடிப் போனேன். ஒரு ஜவுளிக் கடை வாசலில் ஏணி மேல் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்களால உங்க வேல போச்சே" என்றேன்.

"பலக எழுதின கைதானேம்மா. பழைய வூட்டுக்கு வந்திருக்குது" என்றார். பிறகு இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இத்தினி வருசமா தெருவுல காட்டிக் காட்டித்தான் போட்டேன். சிரிக்கிறாங்களான்னு மட்டுந்தான் பாத்தேன். யாரப் பாத்து சிரிக்கிறாங்கன்னு பாக்காம இருந்துட்டேன்."

"பாத்துட்டீங்க இல்ல, போதும்" என்றேன்.

கொஞ்ச நாளில் அவர் சென்னைப் பட்டணம் போய் ஒரு பெரிய பத்திரிகையில் சேர்ந்தார். அங்கே அவர் அடைந்த பேரும் புகழும் ஊருக்கே தெரியும். வெள்ளைக்காரன் போய் நம்மவர்கள் வந்த பிறகும் அவர் யாரையும் விடவில்லை. மந்திரிகள் காலையில் எழுந்ததும் இவர் படத்தில் தாங்கள் இருக்கிறோமா என்றுதான் பார்ப்பார்களாம். அவர் இறந்தபோது அவருடைய பழைய படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாட்டையே சிரிக்க வைத்தவர் என்று எழுதியிருந்தது. உண்மைதான். நானும் எவ்வளவோ சிரித்திருக்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எழுதியவர்களுக்கு எப்படித் தெரியும்.

வருஷா வருஷம் என் தங்கைக்குப் படையல் போடும்போது அவள் பெயரைத் தெருவுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு குரல் இருக்கிறதே, அது ஒரு மனிதர் தன் பிழைப்பைக் கொடுத்து எனக்கு மீட்டுத் தந்தது.